பகுதிநேரக்காரனின் மதிப்பு

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு நான் வீட்டிலிருந்தே வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி கொண்டுபோய்விடுவேன். மைதானத்தின் மேல்மாடத்தில் எங்களுக்குக் கோழி இறக்கை வறுவல் சும்மாவே கிடைக்கும். ஆனால் மசாலா ஒட்டிய விரலோடு கணினியைத் தொட்டால் 31 என்பது 34 ஆகிவிடக்கூடும். எண்கள் விஷயத்தில் நான் அவ்வளவு கவனமானவன். இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று விசாரணைக்கு வந்த உங்களிடம் சொன்னதும் அதனால்தான்.

வாரநாட்களில் உயர்நிலைப் பள்ளியில் வடிவியல் கற்பிக்கிறேன். எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடும் ஞாயிறுகளில், மேல்மாடத்தில் உட்கார்ந்து டேக்கிள் கணக்கைப் பதிவது என் வேலை. பதினான்கு வருடம் ஆகிறது. பக்கத்தில் லொரெய்ன் உட்கார்ந்திருப்பார். தபால் இலாகாவில் ஓய்வுபெற்றவர், எழுபத்தொரு வயது. அவர் தொலைநோக்கியில் பார்த்து எண்ணைச் சொல்வார், நான் தட்டுவேன். பந்தோடு ஓடுகிறவனை ஒருவன் தனியாகப் பிடித்து வீழ்த்தினால் முழு டேக்கிள். இன்னொருவன் கைகொடுத்தால் அவனுக்குத் துணை டேக்கிள். ஐந்து பேர் குவியலாக விழுந்தால் யார் வீழ்த்தியது என்பது கடவுளுக்கும் லொரெய்னுக்கும்தான் தெரியும். இதனால் ஆட்டத்தின் முடிவு மாறாது, நடுவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆகவே எல்லா ஊர்களிலும் மேல்மாடத்துக்காரர்கள் சொந்த ஊர் ஆட்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே போடுவார்கள். இது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை.

பேன்டஸி லீக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் பத்துப் பேர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் என் மனைவியின் அண்ணன் கேரியின் கார் கொட்டகையில் கூடி, நாடு முழுக்க ஆடும் நிஜ வீரர்களை முறைவைத்துப் பங்கு போட்டுக்கொள்வோம். அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதெல்லாம் எங்கள் கற்பனை அணிகளுக்குப் புள்ளிகள். மற்ற லீகுகளில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்குத்தான் மதிப்பு. எங்கள் லீகில் தடுப்பாட்டக்காரர்களும் உண்டு: முழு டேக்கிளுக்கு ஒரு புள்ளி, துணை டேக்கிளுக்கு அரை. பணம் கிடையாது. வேலையில் சேரும்போது நான் கையெழுத்திட்ட தாளில் பந்தயம் கட்டக்கூடாது என்றுதான் இருந்தது. பணத்துக்காக இப்படிச் செய்கிறவர்களை எனக்கும் பிடிக்காது.

பணத்துக்குப் பதிலாக ஒரு தண்டனை உண்டு. கடைசியாக வருகிறவர் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் நான் கடைசி. தேர்வு நடந்ததோ எங்கள் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில். சுற்றிலும் என் மாணவர்கள். நான் வடிவியலில் இரண்டு கேள்விகளைத் தவறவிட்டேன். கேரி அந்த மதிப்பெண் தாளைச் சட்டம் போட்டு, நாங்கள் கூடும் மதுக்கடையில் மாட்டினான். ஒரு திங்கட்கிழமை நான் கரும்பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "சார், நீங்க தப்பு விட்ட ரெண்டுல இதுவும் ஒண்ணா?" என்று மரியாதையாகவே கேட்டது. இருபத்தாறு வருடம் கற்பித்தவன் நான். அன்று மதிய இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். உங்கள் படிவத்தில் நோக்கம் என்றொரு கட்டம் இருக்கிறதே, அதில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஆகஸ்டில் கடைசிச் சுற்றில் எனக்கு மிஞ்சியவன் மார்க்கெல் டுப்ரே. எங்கள் ஊர் அணி, இருபத்து நான்கு வயது, சட்டை எண் 31. பின்வரிசையில் நின்று பந்தை மறிப்பதற்காக எடுக்கப்பட்டவன். ஆனால் சில சமயம் நடுவரிசையில், முன்னூறு பவுண்டு ஆட்கள் மோதிக்கொள்ளும் இடத்துக்கு அருகில் நிறுத்துவார்கள். அவன் எடை இருநூறு. ஓர் ஆட்டத்தில் அறுபத்தைந்து முறை எதிரணி பந்தோடு மோதி வரும். அதில் இருபது முறைதான் இவனை இறக்குவார்கள். மீதி நேரமெல்லாம் கர்ட் ஹோல்ம் என்ற முப்பத்து நான்கு வயது அனுபவஸ்தர் ஆடுவார். நான் பெயரைச் சொன்னதும் கேரி இறைச்சி புரட்டிக்கொண்டிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டான்.

"மாப்ள, அவன் ரெண்டுங்கெட்டான். அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. பேசாம இப்பவே பென்சில் சீவி வச்சுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இப்படிப்பட்டவனை மதிப்பிடுவதில் பலரும் சறுக்குகிறார்கள். அவன் பெயர் பின்வரிசைப் பட்டியலில் இருக்கிறது; ஆனால் டேக்கிள் கொட்டும் இடம் நடுவரிசை. ஆகவே பின்வரிசைக்காரன் என்ற பெயரில் நடுவரிசைக்காரனின் புள்ளிகளை வாங்கிக்கொள்ளலாம். குறை ஒன்றுதான், அவன் களத்தில் இருப்பதில்லை. அந்தக் குறை தீர மூன்று வழிகள் உண்டு. முன்னால் இருப்பவர் காயப்பட வேண்டும், அல்லது பயிற்சியாளர் மனம் மாற வேண்டும், அல்லது களத்தில் இல்லாமலே டேக்கிள் விழ வேண்டும். முதல் இரண்டுக்காக மூன்று வாரம் பொறுமையாகக் காத்திருந்தேன். மூன்று வாரமும் லீகில் தோற்றேன்.

நான்காம் வாரம் ஒரு குவியல் விழுந்தது. லொரெய்ன், "அம்பத்திநாலு, தனியா," என்றார். ஐம்பத்து நான்கு ஹோல்மின் எண். நான் ஹோல்மோடு 31-ஐயும் சேர்த்தேன்.

"முப்பத்தொண்ணா? அவனும் அதுல இருந்தானா, டேல்?"

"அடியில கெடந்தான், லொரெய்ன். நான் பாத்தேன்."

"எனக்கு இப்பல்லாம் கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா," என்றார் அவர். வசந்தகாலத்தில்தான் அவருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. உண்மையில் கண் நன்றாகவே தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் தன்னை நம்புவதை விட்டு என்னை நம்ப ஆரம்பித்தார். இது எனக்கு வேலையை எளிதாக்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்தடுத்த ஆட்டங்களில் துணை டேக்கிள்கள் முழு டேக்கிள்கள் ஆயின. ஹோல்மிடமிருந்து எடுத்து டுப்ரேக்குக் கொடுத்தேன். மொத்த எண்ணிக்கை ஒருபோதும் பிசகவில்லை. இருபது முறை களமிறங்கி ஒன்பது டேக்கிள் என்று உள்ளூர்ப் பத்திரிகை புகழ்ந்தது. வெளியூர் ஆட்டங்களில் அவன் மூன்றைத் தாண்டுவதில்லை. அதற்கு அவர்கள், சொந்த ஊர் ரசிகர்களின் கரகோஷம் அவனுக்கு வெறியேற்றுகிறது என்று ஒரு கட்டுரையே எழுதினார்கள். பயிற்சியாளர் வானொலிப் பேட்டியில், "வீடியோல பாத்தா அப்படித் தெரியல. ஆனா எண்ணிக்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். நவம்பரில் ஹோல்மை அனுப்பிவிட்டு டுப்ரேயை முழுநேரமும் நடுவரிசையில் இறக்கினார்கள். ஹோல்மின் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனபோது அவளுக்குத் தகுதிக்கு மேல் ஒரு படி மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன். யாரும் கேட்காமலே செய்தேன்.

டுப்ரே என்னைத் தேடி வந்தது நவம்பர் கடைசியில். ஆட்டம் முடிந்து நான் வண்டியை எடுக்கப் போனபோது, கழுத்தில் பனிக்கட்டிப் பையோடு தூணருகே நின்றிருந்தான். டேக்கிள் பதிகிறவர் நீங்கள்தானா என்று கேட்டான். தொலைக்காட்சியில் தெரிவதைவிட ஒல்லியாக இருந்தான்.

"சார், வீடியோ பாத்தேன். இன்னிக்கு எனக்குப் பதினொண்ணு போட்டிருக்கீங்க. நான் புடிச்சது நாலு. கொஞ்சம் திருத்திருங்க சார்."

அடக்கம் நல்லதுதான், ஆனால் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னேன். மாணவர்களிடம் சொல்வதுபோலவே சொன்னேன்.

"அடக்கமெல்லாம் இல்ல சார். நான் இருபது தடவைக்கான ஆளு. அறுபது தடவை அந்த ஆளுங்களோட மோதுனா என் உடம்பு தாங்காது. ரெண்டு வாரமா கை மரத்துப் போகுது. கோச்சுகிட்ட சொன்னேன், இவ்வளவு டேக்கிள் எடுக்கிறவனுக்கு ஒண்ணும் இருக்காதுன்னுட்டார். நீங்க அந்த நம்பரை மாத்தினாத்தான் அவர் நம்புவார்."

பார்க்கிறேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிடியில் வலுவே இல்லை. காரில் போகும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். எங்கள் லீகில் மற்ற ஒன்பது பேருக்கும் தெரியாத காயத் தகவல் ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. வீடு போனதும் டுப்ரேக்கு மாற்றாக ஆடக்கூடியவனின் பெயரைக் குறித்துவைத்தேன்.

எண்ணைத் திருத்தவில்லை. காரணம் சொல்கிறேன். இவ்வளவு செய்தும் என் அணி லீகின் கடைசி இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருந்தது. மற்ற வீரர்கள் என்னைக் கைவிட்டுவிட்டார்கள். டிசம்பர் கடைசி ஞாயிறு எனக்கும் கேரிக்கும் மோதல். தோற்பவர் தேர்வு எழுத வேண்டும். அன்று எங்கள் ஊரில்தான் ஆட்டம். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு அவன் அறுபது முறை களத்தில் நின்றால் போதும், பிறகு ஓய்வெடுக்கட்டும் என்றுதான் நினைத்தேன். பருவம் முடிந்ததும் பயிற்சியாளரிடம் நானே பேசுவதாகவும் இருந்தேன்.

கேரியின் ஆட்கள் சனிக்கிழமையே ஆடி முடித்துவிட்டார்கள். ஞாயிறு காலை அவனிடமிருந்து பென்சில் டப்பா ஒன்றின் படம் கைப்பேசிக்கு வந்தது. மூன்றாம் கால்பகுதியில் நான் லீக் புள்ளியில் கேரியை எட்டிவிட்டேன், இருவரும் சமம். சமனாக முடிந்தால் பருவத்தில் அதிகம் தோற்றவனே கடைசி, அதாவது நான். எனக்கு அரைப் புள்ளி வேண்டியிருந்தது. அன்று டுப்ரே தடுமாறிக்கொண்டிருந்தான். குவியல்களுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. பக்கத்திலாவது வந்தால்தானே என்னால் உதவ முடியும்.

பிறகு எதிரணிக்காரன் பந்தோடு நடுவில் புகுந்தான். அவனுக்கு முன்னால் வழிவிலக்கி வந்த பெரிய ஆள் ஒருவன் தலைகுனிந்து டுப்ரேயின் மேல் மோதினான். டுப்ரே விழுந்தான். பந்துக்காரன் அவனைத் தாண்டிக் குதித்து இன்னும் பத்து கெஜம் ஓடினான். அங்கே எங்கள் ஆள் ஒருவன், எண் 22, தனியாகப் பிடித்து வீழ்த்தினான். சுற்றிலும் யாருமில்லை. மொத்த மைதானமும் பார்த்தது.

"இருபத்திரெண்டு, தனியா," என்றார் லொரெய்ன். தொலைநோக்கி மெல்லப் பின்னால் திரும்பியது. "டேல், முப்பத்தொண்ணு எந்திரிக்கல."

மைதானத்தில் அறுபதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். இரண்டு அணிக்காரர்களும் முட்டி போட்டார்கள். மருத்துவர்கள் பலகையோடு ஓடினார்கள். நான் 22 என்று தட்டினேன். அதன் பக்கத்தில் 31, துணை டேக்கிள் என்று தட்டினேன்.

"அவன் கை அசையல டேல்," என்றார் லொரெய்ன். அவர் இப்போது என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ என்ன தட்டுற?"

நான் பதிவை உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தினேன். வேலை நேரத்தில் பேசுவது எனக்கு வழக்கமில்லை. உங்களிடம் முதலில் புகாரோடு வந்தது அவர்தான் என்று தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் மனசில் போட்டுக்கொள்கிறார்.

மருத்துவமனைக்கும் போனேன். இதை உங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அவனைத் தங்கள் பேன்டஸி அணியில் வைத்திருந்தவர்களில் வேறு யாரும் போயிருக்க மாட்டார்கள். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மீண்டும் வராது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்களாம். லூசியானாவிலிருந்து வந்திருந்த அவன் அம்மா அவனுக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். மைதானத்தில் வேலை பார்க்கிறவன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவர் எழுந்து நாற்காலி கொடுத்தார்.

"எம்பிள்ள அன்னிக்கு நல்லா ஆடினானாய்யா?" என்று கேட்டார்.

ரொம்ப நன்றாக ஆடினான், விழுந்த ஆட்டத்தில்கூட அவனுக்கு ஒரு துணை டேக்கிள் உண்டு என்றேன். டுப்ரே என்னைப் பார்த்தான். அவனால் திருப்ப முடிந்தது கண்களை மட்டும்தான். பிறகு சுவர்ப்பக்கம் பார்க்க ஆரம்பித்தான். நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை போலிருக்கிறது.

ஆம், நான்காம் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை, சொந்த மைதானத்தில் ஆடிய ஏழு ஆட்டங்களிலும், மார்க்கெல் டுப்ரே செய்யாத முப்பத்தெட்டு டேக்கிள்களை அவன் பெயரில் பதிந்தவன் நான்தான். அவன் திருத்தச் சொன்னான், நான் திருத்தவில்லை. அவன் கை மரத்துப்போகிறது என்பது எனக்கு முன்பே தெரியும். இதில் லொரெய்னுக்கோ வேறு யாருக்கோ பங்கில்லை. கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். இந்த வேலையை விட்டு நீக்குவதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பதிவுகளையெல்லாம் திருத்தப்போவதாகச் சொன்னீர்கள். மற்ற ஆறு ஆட்டங்களைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தின் அந்த ஒரு துணை டேக்கிளை மட்டும், குறைந்தபட்சம் வசந்தகாலக் கல்லூரி நுழைவுத் தேர்வு முடியும்வரையாவது, தொடாதீர்கள். இனி அவனுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள உங்களுக்கு எப்படி மனம் வரும் என்று எனக்குப் புரியவில்லை.