தகட்டில் மிஞ்சிய முகம்

— ...அந்தச் சுரண்டியைக் கீழ வைங்க முதல்ல.

— கீழ வச்சா வேலை எப்படி நடக்கும்? நாளைக்குக் காலையில வாத்தியார் வந்துடுவாரு. அதுக்குள்ள தகடு கண்ணாடி மாதிரி ஆகணும். அப்புறம்தான் மெழுகு பூசணும், ஊசியால கீறணும், அமிலத்துல போடணும்...

— பட்டறை நிறைய செப்புத் தகடு அடுக்கி வச்சிருக்கீங்க. இதுதான் வேணுமா?

— இந்தத் தகட்டுல கீறினாத்தானே பலிக்கும்? அவரு இதைத்தானே கேட்டு வந்தாரு. பொண்டாட்டி செத்து நாலு மாசம் ஆச்சு. மனுஷன் சரியாத் தூங்கலை. “அவ முகத்தை இதுல கீறுங்க, ஒரு தாள் எடுங்க, சுரண்டிடுங்க. அதோட எனக்கு அவ அடியோட மறந்துடணும், அவ நினைப்பே வேண்டாம்”னு கையெடுத்துக் கும்பிடறாரு.

— அப்புறம் அந்த அம்மாவும் படமா இந்தச் சுவத்துல ஏறிடுவாங்க. யாருன்னே தெரியாத கும்பலோட.

— நல்ல கும்பல்தானே? அந்தக் கழுத்துப்பட்டைக்காரர் நூத்தம்பது வருஷமா மூக்கைச் சுளிச்சுக்கிட்டு உன்னையேதான் பார்க்கறாரு.

— கேலி வேண்டாம். குடைக்காரி யாரு?

— தெரியாது.

— பட்டாளத்துக்காரன்?

— தெரியாது.

— டெலிபோன் ஆபீஸ் பொண்ணு மாதிரி காதுல கருவி மாட்டியிருக்காளே, அவ?

— அவளை அப்பா சுரண்டினாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும். சுரண்டின கைக்கு மட்டும் மறக்காது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில எழுந்து போய் அந்தப் படத்துக்கிட்ட நின்னாரு. அம்மா “யாருங்க அது?”ன்னு கேட்டா. “யாரோ”ன்னுட்டாரு.

— அத்தை சாடையில்ல இருக்கு அந்தப் பொண்ணு...

— விடேன்.

— சரி, அவளுக்குப் பக்கத்துல ஏன் வெறும் ஆணி?

— அந்தத் தாள் கிழிஞ்சுபோச்சு.

— எப்போ?

— போலீஸா நீ? நகரு, வேலை இருக்கு.

— இருங்க. சுரண்டறதுக்கு முன்னாடி ஒரு தாள் எடுத்துப் பாருங்களேன்.

— வெறும் தகட்டுல எதைப் பார்க்கறது?

— எவ்வளவு தேய்ச்சாலும் செம்புல பழைய கோடு கொஞ்சம் நிக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? வாத்தியார் பொண்டாட்டி மூஞ்சில வேற யாரோட மூக்காவது வந்து உட்கார்ந்தா?

— உன்னைக் கட்டினதுக்கு ஒரு வக்கீலைக் கட்டியிருக்கலாம். சரி, மையை எடு. துணி... அது இல்ல, அந்தப் பழசு. தாளை ஈரம் பண்ணு.

— போதுமா?

— சொட்டுது பாரு. ஒத்தி எடு. ம்... உருளையைச் சுத்து.

— அம்மாடி, என்ன கனம்!

— மெதுவா... போதும். மூலையைப் பிடிச்சுத் தூக்கு.

— குழந்தை.

— ம்.

— சின்னப் பொண்ணு. புகைக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு. சிரிக்குது.

— யாரோ.

— ஆமா... யாரோ.

— ஏன் தாளை அவ்வளவு கிட்ட வச்சுப் பார்க்கறே?

— மை சரியா ஒட்டியிருக்கான்னு பார்த்தேன்.

— கொடு இப்படி. தகட்டுல மிஞ்சினதை ஒரு மணி நேரத்துல சுத்தமா எடுத்துடறேன்.

— ஏங்க... தகட்டுல கோடு மிஞ்சினா, மனசுலயும் மிஞ்சுமா?

— ஏதாவது ஒரு ஓரத்துல மிஞ்சும்னு அப்பா சொல்வாரு.

— இப்போ முழுசா எடுத்துட்டா?

— அந்த ஓரமும் போயிடும்.

— வேண்டாம்! கையை எடுங்க. வாத்தியாரைத் திருப்பி அனுப்பிடுங்க.

— யாரோன்னு நீதானே சொன்னே?

— பொய். என் பொண்ணை எனக்குத் தெரியாதா? மூணு வருஷம் முன்னாடி உங்க காலைப் பிடிச்சு நான்தானே சுரண்டச் சொன்னேன்... சுரண்டினீங்க. ஆனா எனக்கு ஒரு நாள்கூட மறக்கலைங்க.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா, வேலை பலிக்கலைன்னு இன்னும் ஆழமா சுரண்டிடுவீங்களோன்னு பயம். கேட்ட மறுவாரமே மனசு மாறிடுச்சு எனக்கு. அதான் மறந்தவ மாதிரியே நடிச்சேன். அவ கவுன் ஒண்ணு பீரோவுல என் துணிக்கு அடியில இருக்கு. நீங்க குளிக்கப் போனதும் எடுத்து மோந்து பார்ப்பேன்.

— எல்லாம் ஞாபகம் இருக்கா உனக்கு?

— எல்லாம். எதைக் கொடுத்தாலும் ரெண்டா வேணும்பா. அவ்வளவு பெரிய கட்டில்ல ஓரமா ஒதுங்கித்தான் படுப்பா, பக்கத்துல ஆள் இருக்கற மாதிரி. ஏன் அப்படிப் படுத்தாள்னு மட்டும் எவ்வளவு யோசிச்சாலும் பிடிபடல...

— அந்தத் துணியைக் கொடு. கண்ணுல மை பட்டுடுச்சு.

— அழறீங்களா? அன்னைக்கும் அழுதுக்கிட்டேதான் கீறியிருக்கீங்க. அதான் தப்பு வந்திருக்கு.

— என்ன தப்பு?

— தகட்டுல இடதுபக்கம் கீறினா தாள்ல வலதுபக்கம் விழும்ல? மாத்திக் கீற மறந்துட்டீங்க. பாருங்க, மச்சம் வலது கன்னத்துல இருக்கு. எம்பொண்ணுக்கு இடது கன்னத்துலதானே?

— நான் மறக்கலைம்மா. சரியாத்தான் கீறியிருக்கேன்.

— அப்போ இது யாரு?

— அந்தக் காய்ச்சல்ல நமக்கு ரெண்டு பேர் போனாங்க. ரெண்டு பேரையும் சுரண்டச் சொல்லித்தான் நீ என் காலைப் பிடிச்சே. முதல்ல இவளைச் சுரண்டினேன். அந்த வெறும் ஆணி இவ படத்துக்குத்தான். மறுநாள் காலையில நீ தூக்கத்துல ஒருத்தி பேரை மட்டும் சொல்லி அழுதே... அதைக் கேட்டதுக்கப்புறம் எனக்குக் கை வரல. நீ நினைச்சுக்கிட்டு இருக்கற இடது கன்னத்துக்காரியை நான் இந்தத் தகட்டுல கீறவே இல்லை. இவ, அவகூட ஒரே நேரத்துல பொறந்தவ.