ஒரு பிடி கல்லுப்பு

வீடு துடைக்கும் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பு போட்டால் எறும்பு அண்டாது. என் வீட்டில் வேலை செய்யும் ராசாத்தி வெள்ளிக்கிழமைதோறும் அப்படித்தான் துடைப்பாள். கண் பட்டது கழியும் என்பது அவள் கணக்கு. எறும்பு வராது என்பது என் கணக்கு. பிரபாகர் இறந்தது ஞாயிற்றுக்கிழமை. ராசாத்தி வராத நாள். அன்று காலை வாளியில் உப்பைப் போட்டு நானேதான் துடைத்தேன்.

இதை நீங்கள் கேட்கவே இல்லை, கவிதா மேடம். விசாரணைக்கு என்று பல முறை வந்தீர்கள். மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள், வயரைப் பற்றிக் கேட்டீர்கள், தரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நேற்று வந்து, "விபத்துன்னே முடிச்சாச்சுங்கய்யா. இனி நாங்க வந்து உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறிவிட்டீர்கள். அதனால்தான் இன்று நானே ஸ்டேஷனுக்கு வர வேண்டியதாயிற்று. குடையை வெளியிலேயே விட்டுவிட்டேன். உங்கள் தரை நனையாது.

என்னைப் பற்றி ஊரில் விசாரித்திருப்பீர்கள். கிறிஸ்துதாஸ் ரைட்டர் என்றால் வெள்ளக்கடையில் தெரியாதவர்கள் குறைவு. கொட்டச்சேடு பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மனைவி ஜெயகுமாரி, மகள் அபிஷாவின் பிரசவத்துக்கு உதவியாக இருக்க பெங்களூர் போனாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஜெயகுமாரி இன்னும் திரும்பவில்லை. அவரவர் சௌகரியம். ரைட்டர் தனியாகக் கிடந்து வாடினார் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். எனக்கு எப்போதும் கை நிறைய வேலை இருக்கும்.

அப்படி வந்து சேர்ந்த வேலைதான் அந்தப் பின்பால் மெஷின். எஸ்டேட் பங்களாவைப் புது முதலாளிகள் ரிசார்ட்டாக மாற்றியபோது பழைய சாமான்களையெல்லாம் வெளியே எறிந்தார்கள். இதையும் உடைத்து இரும்புக்குப் போட இருந்தார்கள். நான் கேட்டு வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நாலு இரும்புக் கால்களில் நிற்கும் சாய்வான பெட்டி. மேலே கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி எஃகுச் சட்டம். முன்னால் இருக்கும் கம்பியை இழுத்து விட்டால் ஒரு எஃகுக் குண்டு மேலே ஓடி, மணிகளில் மோதிக்கொண்டே கீழே இறங்கும். அது விழுந்துவிடாமல் பொத்தானை அழுத்தி இரண்டு சின்னத் துடுப்புகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. உள்ளே திறந்து பார்த்தால்தான் தலை சுற்றும். அத்தனை வயர்.

எனக்கு மின்சார வேலை எதுவும் தெரியாது. போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி மெஷினைப் பிரித்துக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். முதல் வாரமே உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி முனை வைத்த மெல்லிய தகடுகளைக் கெடுத்தேன். அந்தத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டால்தான் மின்சாரம் ஓடும். அவற்றைக் கெட்டி அட்டையால் துடைக்க வேண்டுமே தவிர, தேய்க்கக் கூடாதாம். ஈயம் பற்றவைக்கப் போய்க் கட்டை விரலைச் சுட்டுக்கொண்டேன். கடைசியில் காயில் என்கிற செம்புக்கம்பிச் சுருள் ஒன்று கருகிப்போனதும், அதைக் கழற்றிக்கொண்டு ஏற்காடு பஜாரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பிரபாகரின் கடைக்குப் போனேன். எங்கே மாட்டியிருந்தது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை மதியம் பைக்கில் வந்தார்.

"ஏனுங்க ரைட்டருங்க, இது என்ன கெரகமுங்க? மோட்டாரும் இல்லீங்க, ரேடியோவும் இல்லீங்க" என்றார். அவருக்கும் அது புதிது. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சமைத்து வைத்திருப்பேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றி, சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். ஆணி, ஈயத்துளி எல்லாம் சிதறிக் கிடக்கும், செருப்போடு வாருங்கள் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார். "ஊட்டுக்குள்ள செருப்போட எப்படிங்க வர்றது?" என்பார். நல்ல வளர்ப்பு.

மெஷினுக்கு எர்த் இல்லை என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். என் வீட்டுப் பின்புறம், காப்பிச் செடி ஓரமாகக் குழி தோண்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். அங்கிருந்து ஒரு பச்சை வயரைக் கொண்டுவந்து மெஷினின் காலில் முறுக்கினார். உப்பு எதற்கு என்று கேட்டேன்.

"உப்பும் ஈரமும் சேந்தா கரண்டு சுளுவாப் பூமிக்குப் போயிருமுங்க. அதனாலதான் ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு இதத் தொடக்கூடாது. உசுரு போயிரும்" என்றார். சொன்னதோடு விடவில்லை. அடுத்த வாரம் ஒரு சில்வர் ஓக் பலகையைக் கொண்டுவந்து மெஷினுக்கு முன்னால் போட்டார். அதன் மேல் நின்றுதான் இரண்டு பேரும் வேலை பார்ப்போம். ஆக, எதைச் செய்யக் கூடாது என்பது முழுவதும் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

மெஷின் மெல்ல மெல்ல உயிர் பெற்றது. விளக்குகள் எரிந்தன. மணி அடித்தது. எல்லாம் சரியாகி வந்த சமயத்தில் ஒன்றைக் கவனித்தேன். பிரபாகர் டீயை வேகமாகக் குடிக்க ஆரம்பித்திருந்தார். இடையிடையே போனை எடுத்து மணி பார்த்தார். அந்த வாரம் அவர் போன பிறகு, கல்யாணப் பத்திரிகை ஒன்றிலிருந்து நகம் அளவு அட்டையை வெட்டி, இரண்டு தகடுகளுக்கு நடுவே செருகி வைத்தேன். வலதுபக்கத் துடுப்பு செத்துப்போனது. மறு ஞாயிறு இருட்டும்வரை தேடினோம். இடையில் மழை பிடித்துக்கொண்டதால் ராத்திரிச் சாப்பாடும் என் வீட்டிலேயே சாப்பிட்டார். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், மேடம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு ஏதாவது ஒன்று கெட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் மணி அடிக்காது. ஒரு வாரம் குண்டு வெளியே வராது. ஒரு பழுதை நீக்குவதைவிட, கண்ணில் படாமல் ஒரு பழுதை வைப்பதற்குத்தான் மெஷினை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வகையில் நான் நல்ல மாணவன்.

கார்த்திகையில் ஒரு நாள் பிரபாகர் ஓர் அட்டைத் துண்டைக் கண்டுபிடித்துவிட்டார். தங்க நிறக் கரை போட்ட அட்டை. விரல் நுனியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"இதுக்கு எதுக்குங்க இம்புட்டுச் சிரமம்? 'பிரபாகரு, வாங்க'ன்னு ஒரு போன் போட்டா வந்துட்டுப் போறேன். நொம்பப் பாவமுங்க நீங்க."

மறு வாரம் அவர் மனைவி புஷ்பலதா ஒரு டப்பாவில் கோழிக்குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. குழம்பு நன்றாகவே இருந்தது. டப்பாவைத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அந்த விஷயத்தையும் சொன்னார்.

"தை பொறந்ததும் கடையச் சேலத்துக்கே மாத்தறமுங்க. இங்க மோட்டாரு வேலை கொறைஞ்சு போச்சு. அதுக்குள்ள இத முழுசா முடிச்சுக் குடுத்தர்றேன். அப்பறம் நீங்க பாட்டுக்கு விளையாடலாம். இது ஒத்தை ஆளாவும் விளையாடறதுதானுங்களே."

விளையாடலாம்தான்.

நான் என்ன நினைத்தேன் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன ஷாக். கை மரத்துப் போகும், கட்டுப் போடுவார்கள். கட்டுப் போட்ட கையோடு யாரும் கடை மாற்றமாட்டார்கள். சித்திரை, வைகாசி என்று தள்ளிப்போகும். அதற்குள் அவருக்கே மனசு மாறலாம். இவ்வளவுதான் என் எண்ணம். அதற்காக, மெயின் வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் எலி கடித்த மாதிரித் தோலைச் சுரண்டி, எஃகுச் சட்டத்தோடு ஒட்டி வைத்தேன். காலில் இருந்த பச்சை வயரைத் தளர்த்திவிட்டேன். சட்டத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரிந்தது. பலகையை எடுத்துக் கொல்லைப்புறம் சாத்தினேன். பிறகு வீட்டைத் துடைத்தேன்.

சின்ன ஷாக்குக்கு உப்பு எதற்கு என்று கேட்பீர்கள். எறும்புக்காகத்தான். மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் எறும்பு ஏது என்றும் கேட்கலாம். துடைத்து முடித்த பிறகுதான் எனக்கும் அது தோன்றியது.

பிரபாகர் மதியம் வந்தார். வெளியே மேட்டுத் தோட்டம் தெரியாத அளவுக்குப் பனி. வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றினார். "ஊடு நொம்ப சுத்தமா இருக்குதுங்களே. விருந்தாளி யாராச்சும் வர்றாங்களா?" என்றார்.

"நீங்கதான்" என்றேன்.

பனியில் இன்னும் காயாத ஈரத் தரையில் நாலு அடி வைத்தவர் நின்றார். "பலகை எங்கீங்க?"

"நனைஞ்சு போச்சு. பின்னால காய வெச்சிருக்கேன்."

"இந்தப் பனியில எங்கீங்க காயறது?" என்று சிரித்தார். பச்சை வயர் போகும் பக்கம் பார்த்தார். "பரவாயில்லீங்க, எர்த்து இருக்குது" என்றார். அவர் கையால் போட்ட எர்த். அதன் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கண்ணாடியை விலக்கி, குண்டு ஓடும் தட்டைத் தூக்கிக் கடைசி வயரைப் பற்றவைத்தார். கண்ணாடியைத் தள்ளி மூடினார். பிளக்கைச் செருகிவிட்டு, முதல் ஆட்டத்தை நான்தான் ஆட வேண்டும் என்றார். நீங்கள் ஆடுங்கள், நான் சுவிட்சைப் போடுகிறேன் என்றேன். சுவரோரம் போய்ப் போட்டேன். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். பிறகு இடது கையைச் சட்டத்தில் ஊன்றி, வலது கையால் கம்பியை இழுத்தார்.

இழுத்தவர் விடவில்லை. விட முடியவில்லை என்பதுதான் சரி.

என் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சரிந்து விழுந்தார். விழும்போது கை விட்டுப்போய்க் கம்பி பின்னுக்கு அடித்தது. குண்டு மேலே போனது. மணி எல்லாம் அடித்தது. நாங்கள் பழுது பார்த்த ஒவ்வொன்றும் வேலை செய்தது. முதல் முறையாக ஓர் ஆட்டம் முழுதாக நடக்கிறது, நடுவில் அணைக்க மனசு வரவில்லை. குண்டு கீழே இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு அணைத்தேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எலி கடித்த வயர் என்றீர்கள். எர்த் வயர் தானாகக் கழன்றது என்றீர்கள். தரையில் திட்டுத் திட்டாக வெள்ளை பூத்திருந்ததை உங்கள் ஏட்டு சுண்ணாம்பு என்றார். நான் எதையும் திருத்தவில்லை.

அந்த நாட்களில் என் வீட்டில் கூட்டம் குறையவே இல்லை. கோயில்காரர்கள் வந்து ஜெபம் செய்தார்கள். அபிஷா தினமும் போன் செய்தாள். ஜெயகுமாரிகூட ஒரு தடவை பேசினாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பால் கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது. புஷ்பலதா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சேலத்துக்குப் போனாலும் ஞாயித்துக்கெழமை பஸ்ஸேறி ரைட்டரப் பாக்க வந்துருவேன்னு சொல்லிட்டே இருந்தாருங்க" என்றார்.

அதை அவர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒவ்வொருவராக வருவது நின்றது. ராசாத்தி, அந்த வீட்டுக்குள் வரப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நீங்கள் ஒருவர்தான் வந்துகொண்டிருந்தீர்கள். நேற்றோடு அதுவும் முடிந்தது. இல்லாவிட்டால் இந்த உப்பு விஷயத்தை நான் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்திருப்பேன்.

ஆமாம், பிரபாகரை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தனிமை தாங்காமல் செய்தான் என்று மட்டும் எழுத வேண்டாம். அது உண்மை இல்லை. கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், மேடம். ஜெயிலில் ஓர் அறைக்கு எத்தனை பேரைப் போடுவார்கள்?