நடீனின் பித்தளைக் கூடுகள்

— கதவைச் சாத்துடா ஆரின். பனிக்காத்து உள்ள வந்தா தராசு நிக்காது.

— தப்பா எடுத்துக்காதக்கா. நாளைக்குத் துப்பாக்கி சுடற போட்டிக்கு நீ வரவேணாம்னு சொல்லத்தான் வந்தேன்.

— எவன் சொன்னான்?

— கிளப்புல எல்லாரும்தான். போன வருஷம் ஜெயிச்சது நடீன் இல்ல, அவ புருஷன் வேட் செஞ்சு குடுத்த தோட்டாதான்னு பேச்சு. இப்ப அவனும் உன்னை விட்டுப் பிரிஞ்சு போயிட்டான். தனியாப் போய் நின்னு ஊர் சிரிக்கணுமா?

— இந்தா, இந்தக் காலித் தோட்டாக் கூட்டைப் பிடி. கழுத்தைப் பாரு.

— லேசா நீலம் ஓடியிருக்கு.

— நெருப்புல காட்டி எடுத்தது. சூடு கொஞ்சம் மீறினா பித்தளை தொளதொளத்துப் போகும். பத்தலைன்னா திரும்பத் திரும்பப் போட்டுச் சுடறப்ப விரிசல் விடும். இதை யாரு பண்ணினா?

— வேட்...

— வேட் ஆத்துல தூண்டில் போட்டுட்டு உக்காந்திருப்பான்! நீளம் பாத்து வெட்டறது, வாயில பிசிறு எடுக்கறது, ஒரே எடையாப் பொறுக்கறது, அத்தனையும் இந்தக் கைதான். என் துப்பாக்கிக்கும் நான், அவன் துப்பாக்கிக்கும் நான். அவன் வெடிமருந்தைப் போட்டு, குண்டைச் செருகிட்டு, மீசையை முறுக்குவான்.

— அப்ப ஏன் இத்தனை நாள் வாயே தொறக்கல?

— கட்டினவன் பேரு நல்லா இருக்கட்டும்னு விட்டேன். இனிமே எனக்கென்ன வந்துது?

— ஆயிரம் கஜம்க்கா. மொன்டானாக் காத்து வேற. ஒரு கூடு பிசகினாலும் குண்டு குறிப்பலகையை விட்டே போயிடும்.

— பிசகாது. வேற பேச்சு இருந்தாப் பேசு.

— இருக்கு. தப்பா எடுத்துக்காத. என்னை அனுப்பினதே வேட்தான்.

— நான் வரக்கூடாதுன்னா?

— அது நானாச் சொன்னது. அவன் துப்பாக்கியில சுட்டு அதுக்கே படிஞ்ச கூடெல்லாம் இங்கயே விட்டுட்டானாம். கடையில புதுசா வாங்கி அவனே சீர் பண்ணிப் பாத்தான். ஒண்ணு கிழக்கே போகுது, ஒண்ணு மேற்கே போகுது. ஒரு பெட்டியாவது கேட்டு வாங்கிட்டு வாடான்னான்.

— அடேயப்பா! ஊரெல்லாம் பீத்திக்கிட்டவன் இப்ப ஆள் விட்டுக் கேக்கறானா?

— தரமாட்டேன்னு சொல்லு. நான் பாட்டுக்குப் போயிடறேன்.

— மேல் தட்டுல சிவப்புப் பெட்டி இருக்கு, எடு.

— எல்லாம் பளபளன்னு இருக்கே!

— நேத்துதான் முடிச்சேன். அவன் துப்பாக்கிக்கே அளவெடுத்தது. என்னோடதுக்கு ஒரு இழை குறைஞ்சதில்ல.

— உனக்கென்ன பைத்தியமா? எதிர்ல நிக்கப்போறவனுக்கா?

— கொண்டு போய்க் குடு. நாளைக்கு எங்கிட்டத் தோத்துட்டு, கூடு சரியில்லன்னு அவன் சொல்லிடக் கூடாது பாரு.