வழியனுப்பு விழாவில் நான் கேட்காத கேள்வி

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே! காலையிலிருந்து பலகை சுமந்து இந்த மேடையை எழுப்பிய தோழர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆவலோடு வந்திருக்கும் அன்னையர்களே! 'இந்த ஆள் எப்ப முடிப்பார்' என்று கைக்கடிகாரம் பார்க்கும் கடைசி வரிசைத் தம்பிமார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

தெளிவாகப் பேசுங்கள் என்றார் செயலாளர். மன்னிக்க வேண்டும், நான் குழம்பிய மனத்தோடு வந்திருக்கிறேன். எதைப் பற்றிப் பேச வந்தேனோ, அதன் பெயர்கூட என் பின்னால் தொங்கும் பேனரில் இல்லை. 'மனமகிழ்வுக் கூட்டம்' என்று போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "அண்ணே, அந்த வார்த்தையைப் போட்டா யாரு வருவா?" என்றார் அதே செயலாளர். சரி, நானே சொல்கிறேன். தற்கொலை. சொல்லிவிட்டேன். கூரை இடிந்ததா? பூமி பிளந்ததா? பிறகு ஏனய்யா இத்தனை அச்சம்?

நான் கடைசல் பட்டறைக்காரன். சுழலும் இரும்பைச் சீவி உருவம் கொடுக்கிற தொழில். என் பக்கத்து இயந்திரத்தில் ஒருவர். நூல் பிடித்தாற்போல் மயிரிழை பிசகாமல் கடைவார். அதனால் 'நூல்' என்றே பெயர். பதினோரு வருடம் தோளோடு தோள் நின்றோம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: தன் அளவுக் கருவியை யாருக்கும் தரமாட்டான் கடைசல்காரன். கட்டிய மனைவி தூசி தட்டக் கேட்டாலும் தரமாட்டான்! சிரிக்காதீர்கள் அம்மா, என் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதைத் தூக்கிக் கொடுக்கிறான் என்றால் ஒரே பொருள்தான். கருவியெல்லாம் அங்கேயே தருகிற பெரிய கம்பெனியில் நல்ல வேலை கிடைத்து, வேறு இடம் போகிறான்.

ஒரு திங்கட்கிழமை நூல் தன் அளவுக் கருவியான மைக்ரோமீட்டரை என் கையில் வைத்தார். "வச்சுக்கப்பா. எனக்கு இனிமே வேணாம்." செவ்வாயன்று ஸ்பேனர்களை வெல்டருக்குக் கொடுத்தார். புதனன்று கருவிப் பெட்டியையே கொடுத்துவிட்டார்.

நாங்கள் என்ன செய்தோம்? கவலைப்பட்டோமா? கலங்கினோமா? கொண்டாடினோம் ஐயா, கொண்டாடினோம்! "கமுக்கமா வேலை தேடிட்டியே, பெரிய கைதான்!" என்று முதுகில் தட்டினோம். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்து வைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் கேக் வாங்கி வழியனுப்பு விழாவே வைத்துவிட்டோம். வாழ்த்துரை யார்? வாயுள்ள பிள்ளை நான்தான்! 'போய் வா நண்பா, புகழோடு போய் வா, போகுமிடமெல்லாம் பொன்னாகட்டும்' என்று இருபது நிமிடம் முழங்கினேன். கைதட்டல் காதைப் பிளந்தது. சாக முடிவெடுத்த மனிதரை நான் அடுக்குமொழியில் வழியனுப்பி வைத்தேன். அவர் கண் கலங்கியதை என் பேச்சின் சிறப்பு என்று வேறு நினைத்துக்கொண்டேன்!

தட்டு எடுக்க வந்த கேண்டீன் அக்கா நூலிடம் சும்மாதான் விசாரித்தார். "எந்தக் கம்பெனிண்ணே?" நூல் குனிந்து கேக்கை விண்டார். "எப்பப் போய்ச் சேரணும்?" தின்னாத கேக்கோடு தட்டை அவரிடமே நீட்டினார். அக்கா தட்டுகளைக் கீழே வைத்தார். நூலை ஓரமாக அழைத்துப் போனார். என்ன ரகசியம் என்று கையும் கேக்குமாக நானும் பின்னாலேயே போனேன். அக்கா தாழ்ந்த குரலில், முகத்துக்கு நேரே கேட்டார்: "அண்ணே, செத்துப் போயிடலாம்னு நினைக்கிறீங்களா?"

நான்தான் குறுக்கே பாய்ந்தேன். "என்னக்கா இது, நல்ல நாளும் அதுவுமா! வாயைக் கழுவுங்க!" என்று அதட்டினேன்.

நூல் என்னைப் பார்க்கவே இல்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஆமாம்மா. ரெண்டு மாசமா அதே நினைப்புதான்" என்றார். சொன்னதும் உடைந்து அழுதார்.

அக்கா புத்தி சொன்னாரா? பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்தினாரா? இல்லை. "சொல்லுங்கண்ணே, நான் எங்கயும் போகல" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு நொடிகூட அவரைத் தனியே விடவில்லை. நூலின் மனைவியைப் போன் போட்டு வரவழைத்தார். அன்று மாலையே மூன்று பேரும் மருத்துவரிடம் போனார்கள். இன்று நூல் இருக்கிறார்! வேலைக்கு வருகிறார்! நான் கடைந்ததை எடுத்துப் பார்த்து, "இதெல்லாம் ஒரு வேலையாப்பா?" என்று திட்டுகிறார். அந்தத் திட்டு எனக்குத் தேனாக இருக்கிறது. அவர் அனுமதி தந்துதான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று மருத்துவரிடம் கேட்டேன். "கேக்கிறதால அந்த எண்ணம் வராதுங்க. ஏற்கெனவே இருந்தா, இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும்" என்றார். அது புரிந்துவிட்டது. புரியாதது ஒன்றுதான். இயந்திரத்தின் சத்தம் லேசாக மாறினால் ஓடிப்போய் நிறுத்துகிற நான், பக்கத்தில் நின்ற மனிதர் மாறியதை ஏன் பார்க்கவில்லை? அன்பு இல்லையா? இருந்தது! பேச்சு வராதா? கொட்டியது! பிறகு எது என் வாயைக் கட்டியது? ஒரு வருடமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள்.

விடை தெரியும்வரை காத்திருக்கவும் முடியாது. ஆகவே வாய் பழகட்டும். அந்தக் கேள்வியை இப்போது என்னிடமே கேளுங்கள். எல்லோரும் சேர்ந்து... ஏன் மௌனம்? அன்று எனக்கும் இப்படித்தான் இருந்தது. இன்னொரு முறை... ஆ, ஒரு குரல் வந்தது! இதோ இன்னும் இரண்டு! அப்படித்தான்! அந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டு இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், நீங்களும் இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்வது கோழைத்தனம் அல்ல...

அம்மா, மூன்றாவது வரிசை அம்மா, எழுந்துவிட்டீர்களே! நான் இன்னும் முடிக்கவில்லையே! என்ன சொல்கிறீர்கள்? கேட்கவில்லை... "தங்கச்சி வீட்டுல தனியா இருக்கா. நாலு நாளா யாரோடயும் பேசல. கேக்கணும்."

பேச்சுக்கு நடுவே ஒருவர் எழுந்து போனால் பேச்சாளனுக்கு அவமானம் என்பார்கள். அந்த அவமானம் இன்று எனக்கு வேண்டும். போங்கள் அம்மா. பக்கத்தில் இருக்கும் அக்கா, நீங்களும் துணைக்குப் போகிறீர்களா? நல்லது. என் கையில் இன்னும் நான்கு பக்கம் இருக்கிறது; அதைப் படிக்கப் போவதில்லை. தலைவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் நன்றி. அந்த அம்மாவுக்கு என் வணக்கம். தம்பிகளே, நாற்காலிகளை நகர்த்துங்கள், அவருக்கு வழி விடுங்கள்.