பார்வதியம்மாளுக்கு ஒரு சேலை

பார்வதியம்மாளா? அவுக வரமாட்டாவ அண்ணாச்சி. நீங்க நிக்காதீய, அந்தப் பெட்டிமேல கெடக்க வைக்கோலத் தள்ளிட்டு உக்காருங்க. பாட்டிலு கூட வந்த வைக்கோலுதான், ஒட்டாது. பைய, பைய, தொட்டிலுக்குக் குனிஞ்சு போங்க. எம்பிள்ளதான், எட்டு மாசம். இப்பத்தான் கண்ணசந்தா. மொதலாளி தென்காசிக்குப் போயிருக்காவ, உச்சிக்குத்தான் வருவாவ. எனக்கு அதுக்குள்ள நாப்பது பாட்டிலுக்கு லேபிளு ஒட்டணும். கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்ல. கேளுங்க, சொல்லுதேன்.

தெரியாம என்ன? நீங்க குத்தாலத்துல மதுரைக்காரக சத்திரத்தப் பாத்துக்கிடுத மணியம்லா. ஆனி மாசம் தைலம் காச்சுறதப் பாக்க வந்தீயள்ளா, அன்னைக்கு ஒங்களுக்கு மோரு கொண்டாந்து தந்தது நான்தான். ஆமா, மூக்கம்மா.

நீங்க கொண்டாந்த அந்தப் பாட்டிலத் தொறக்காதீய. மூடியிருக்கும்போதே தீஞ்ச வாடை வருது. சத்திரத்துல தங்கினவுக அதத் தேச்சுட்டு அருவியில நின்னு, மேலெல்லாம் தடிச்சுப் போச்சாக்கும். சின்னப் பிள்ளைக்குமா? அய்யோ பாவமே.

அது நான் கிண்டினது அண்ணாச்சி. மறைக்க என்ன இருக்கு. குத்துக்கல்வலசைப் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு முடிய படிச்சவ, எழுத்துத் தெரியும்னு லேபிளு ஒட்டச் சேத்தாவ. ஆடி பொறந்ததும் மொதலாளி துடுப்ப என் கையில குடுத்து, சோறு பொங்கத் தெரியும்லா, இதுவும் அதுதான், கிண்டுன்னுட்டாவ. கிண்டினேன். தீஞ்சுபோச்சு. அதையும் பாட்டில்ல அடைச்சு ஒங்களுக்கே அனுப்பிட்டாவ.

மொதச் சரக்கு அமிர்தமா இருந்துச்சு, அந்தப் பார்வதியம்மா கைராசிங்கீய. அவுகளே கிண்டினாத்தான் இந்த சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் ஆர்டரு, இல்லன்னா வேற கம்பெனி பாத்துக்கிடுவோம்னு சொல்லுதீய. அவுகளுக்குன்னு தட்டும் சேலையுமா வேற வந்திருக்கீய. நல்ல சேலைதான். ஆனா ஒங்க ஆர்டரு போச்சுன்னா இங்கன எட்டுப் பொம்பளைக்கு வேலை போச்சு. அதுல நானும் ஒருத்தி. அதான் கொஞ்சம் சுத்தி வளைச்சு வாரேன். கோவிச்சுக்கிடாதீய.

மொதல்ல இந்த லேபிளப் பாருங்க. இதுல மயிலோட முருகன். இது குத்தாலத்துக் கடைகளுக்கும் ஒங்க சத்திரத்துக்கும். இன்னா பாருங்க, இது பிறையும் நச்சத்திரமும், கடையநல்லூருக்குப் போவும். இது சிலுவை, பாளையங்கோட்டைக்கு. மூணும் சிவகாசியில அச்சடிச்சது. அடியில எழுதியிருக்கதப் படிங்க. நம்மவர் கையால் நம்மவர்க்கே செய்தது. மூணுலயும் அதேதான், ஒரு எழுத்து மாறாது. அண்டா? ஒண்ணுதான் அண்ணாச்சி. அன்னா இருக்கு பாருங்க. மூணு அண்டா வாங்க மொதலாளிக்கு என்ன கிறுக்கா?

கேட்டா, எனக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதான்ம்பாவ. வருசப் பொறப்புக்கு எங்களுக்குப் பொங்கலு, ரம்ஜானுக்கு ராவுத்தமாரு வீட்டுக்குப் பழம், கிறிஸ்மசுக்கு வெறவு தள்ளுத ஏசுதாசன் அண்ணனுக்கு ஒரு வேட்டி. ஆரு வந்தாலும் கும்பிட்டு மால போடுவாவ. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. நல்ல மனுசன், பேதம் பாக்காத கம்பெனின்னு எங்க வீட்டுக்காரர்ட்ட பெருமையாச் சொல்லியிருக்கேன். இப்ப அந்தப் பேச்ச எடுக்கதில்ல.

தைலம் காச்சுனது பாத்திமுத்து. நாங்க லாத்தான்னு கூப்புடுவோம், அவுக சனத்துல அக்காவுக்கு அப்படித்தான் சொல்லுவாவ. தென்காசிதான் ஊரு, புருசன் இல்ல. அவுக வாப்பா வைத்தியரு. கம்பெனி தொடங்கின நாள்லயிருந்து துடுப்பு அவுக கையிலதான். தைலத்துக்குப் பதம்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அண்டா அடியில தங்குத மண்டி மெழுகு மாதிரி உருளும், பொறவு மணலா உதிரும். அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிமிசந்தான். லாத்தா துளி மண்டிய எடுத்து வெரல்ல உருட்டுவாவ, அடுப்புல போட்டுக் காதக் குடுத்துக் கேப்பாவ. சடசடன்னா தண்ணி நிக்குன்னு அர்த்தம். சத்தம் இல்லன்னா ஒடனே எறக்குங்கம்பாவ. எம்பிள்ளைக்குப் பொறந்த நாள்லயிருந்து அந்தத் தைலந்தான். பாருங்க, ஒரு சிரங்கு உண்டா?

அப்பத்தான் வைகாசியில ஒங்க கடுதாசி வந்துச்சு. மொதலாளி கண்ணாடியக் காணலன்னு என்னத்தான் படிக்கச் சொன்னாவ. சத்திரத்துக்குப் பெரிய ஆர்டரு தாரோம், ஆனா வேத்து மதத்து ஆளு கை படுதுன்னு கேள்வி, அதுமட்டும் கூடாது, நேர்ல வந்து பாத்துத்தான் எடுப்போம். நீங்க எழுதினதுதான? ஒங்க கையெழுத்து நல்ல கையெழுத்து. நான் படிக்கேன், லாத்தா அன்னா அண்டாப் பக்கத்துல நின்னு கேக்காவ.

மறுநாளு மொதலாளி அண்டாவ மறைச்சு ஒரு ஓலைத் தட்டிய அடைச்சாவ. லாத்தா அதுக்கு அந்தப் பக்கம். பெறவாசல் வழியா வரணும், பெறவாசல் வழியாப் போவணும். கூலியும் கொறைச்சாச்சு. தீயில வெந்தா எல்லாம் சுத்தமாயிரும் பாத்திமுத்து, ஆளுதான் கண்ணுல படக்கூடாதுன்னு வெத்தல போட்டுக்கிட்டே சொன்னாவ. ஏசுதாசன் அண்ணனுக்குத் தட்டி இல்ல. வெறவுதான தொடுதான்னாவ. எங்கன தீட்டு ஒட்டும், எங்கன ஒட்டாதுன்னு அந்தாளு மனசுல ஒரு கணக்கு இருக்கு பாருங்க, அது எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித் தரமாட்டாவ.

லாத்தா ஏன் அப்பவே போவலன்னு கேக்கீயளா? மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. அடுப்பு எரியணும்லா.

பொறவு நீங்க வாரதுன்னு ஆயிருச்சு. வந்து சும்மா பாத்துட்டுப் போறவுகளா நீங்க? பதம் எடுக்கத என் கண்ணால பாக்கணும், கேள்வி கேப்பேன்னு ஆளனுப்பியிருந்தீய. மொதலாளி என்னை நிறுத்திப் பாத்தாவ, அவுக சம்சாரத்த நிறுத்திப் பாத்தாவ. எங்களுக்கு மெழுகும் தெரியல மணலும் தெரியல. கடைசியில தட்டியப் பிரிச்சாவ. வீட்டுலயிருந்து ஒரு பழைய கண்டாங்கிச் சேலை, வளையலு, ஒரு குங்குமச் சிமிழு கொண்டாந்து லாத்தா முன்னால வச்சாவ. ஒரு மணி நேரந்தான் பாத்திமுத்து, யாவாரம்னா அப்படித்தான், சாமியெல்லாம் ஒண்ணுதான, பேரு கேட்டா பார்வதியம்மாள்னு சொல்லிருன்னாவ.

ஆமா அண்ணாச்சி. நீங்க பாத்தது அவுகளத்தான்.

எதுக்கு இப்ப முழங்காலத் தொடைக்கீய? அவுக கையில இருந்து தைலம் வாங்கித் தேச்சு மாசம் ஒண்ணாச்சு. தேச்ச மறுநாளே வலி விட்டுப்போச்சு, மகராசின்னு சொல்லியனுப்பினது நீங்கதான? காலுக்குத் தெரியல, ஒங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சு.

நீங்க அன்னைக்கு அவுகட்ட சொன்னது ஞாபகம் இருக்கா? துலுக்கச்சி ஒருத்தி கிண்டுதான்னு எவனோ பொரளியக் கெளப்பிட்டான் தாயி, ஒம்மொகத்தப் பாத்ததும்தான் நெஞ்சு ஆறுச்சு, அப்படின்னீய. அவுக மொகத்துக்கு நேரா. லாத்தா துடுப்ப விடல. பதம் வர நேரம். தைலத்தக் கெடுக்க மனசு வரல அவுகளுக்கு. எறக்குங்கன்னு மட்டும் சொன்னாவ.

நீங்க வண்டியேறினதும் பின்னால வாய்க்காலுக்குப் போயி, நெத்தியச் சாம்பலப் போட்டுத் தேச்சாவ. தோலு செவந்து போச்சு. வளையல ஒவ்வொண்ணாக் கழட்டி அந்த மாடத்துல வச்சாவ. அன்னா இருக்கு, ஆரும் தொடல. துப்பட்டிய எடுத்துப் போத்திக்கிட்டுப் போனவுகதான். நான் ரெண்டு தரம் வீட்டுக்குப் போனேன். பாய விரிச்சு உக்கார வச்சாவ, பிள்ளைய மடியில வாங்கிக் கொஞ்சினாவ. வேலைப் பேச்ச எடுத்தா மட்டும் அடுப்பப் பாக்க எந்திரிச்சுப் போயிருதாவ.

எந்திரிச்சிட்டீயளா? மொதலாளிட்ட கேக்கணுமா? கேளுங்க. மூக்கம்மாதான் சொன்னான்னே சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு வயக்காட்டு வேலை இருக்கு, நானும் நாத்து நட்டவதான், கஞ்சிக்குக் கொறவு வராது. மத்த ஏழு பேரு என்னை வைவாவ, அதுதான். ஆனா நீங்களும் மொதலாளியும் இங்கன உக்காந்து ஒருத்தர ஒருத்தர் வையும்போது, எங்களுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் நெனச்சுக்கிடாதீய. ஒங்க ரெண்டு பேரையும் எனக்கு ஒண்ணுபோலதான் பிடிக்கல.

அந்தத் தட்ட எடுத்துக்கிடுங்க. சேலைக்கு மேல குங்குமம் வேற வச்சிருக்கீய. அத வச்சுட்டுப் போவாதீய அண்ணாச்சி, எனக்குப் பாக்க முடியல.

இல்ல, அன்னைக்கு நெத்திக் குங்குமத்த அவுகளா வச்சுக்கிடல. எப்படி வைக்கன்னே அவுகளுக்குத் தெரியல. மொதலாளி சம்சாரம் தொடமாட்டேன்னுட்டாவ. லாத்தா கண்ணாடியப் பாத்து வச்சுப் பாத்தாவ, கோணலாப் போச்சு. வெளியில ஒங்க வண்டிச் சத்தம் கேட்டுருச்சு. இன்னா, இப்பப் பசை ஒட்டிக் கெடக்குல்லா, இந்த வெரலாலதான் அதத் தொடச்சிட்டு, மொகத்த நாடியில பிடிச்சு நிமுத்தி, நேரா வச்சு விட்டேன். நல்லா இருக்கு லாத்தா, எங்க ஆளு மாதிரியே இருக்கீயன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.