இரண்டு எழுத்துக்கான இடம்

பழைய தாள்களை வாசிக்கும் மேசையில் நான் தேநீர்க் கோப்பை வைப்பதில்லை. நீங்களும் உங்கள் கோப்பையை அந்தச் சன்னலோரம் வைத்துக்கொண்டால் நல்லது. பிரேமினி கொடுத்த முறைப்பாட்டைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள்? சொல்கிறேன்.

1966இல் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. அதை நடத்திய முத்துலிங்கம், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான ஒரு பாழடைந்த மடுவத்தில் பதினொரு நாள் ஒளிந்திருந்தார். பன்னிரண்டாம் நாள் தோட்டத் துரையின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். அடி தாங்காமல் அன்றே செத்துப்போனார். அவருடைய தோழர் வீரய்யா நடந்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவைத்தார். அந்தக் கொப்பி தொலைந்துவிட்டது என்றார்கள். அதைப் பார்த்து ஒரு வாத்தியார் எழுதிய பிரதிதான் எனக்குக் கிடைத்தது. 2004இல் அதைப் பதிப்பித்தேன்.

பிரதியில் ஒரு வரியைப் பூச்சி அரித்திருந்தது. ‘மடுவத்தில் இருந்தவரைக் காட்டிக்கொடுத்தது அ’ என்று தொடங்கி, இரண்டு எழுத்துக்கான ஓட்டை. பிறகு ஒரு ‘ன்’. அதற்குப் பின் தாளே இல்லை. சிதைந்த இடத்தை ஊகித்து நிரப்புவது பதிப்பாசிரியரின் வேலை. பிரதியில் வரும் பெயர்களில் ‘அ’வில் தொடங்கி ‘ன்’னில் முடிவது ஒன்றுதான். மடுவத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனவனும் அவன்தான். ‘அழகன்’ என்று போட்டேன். ஊகம் என்று காட்ட அடைப்புக்குறி போடவில்லை. வாசிப்பவர்களுக்கு அது இடைஞ்சல்.

அந்த ஒரு சொல்தான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. கருத்தரங்குகளில் உதாரணமாகக் காட்டினார்கள். தோட்டத்தில், முத்துலிங்கத்தின் நினைவு நாளன்று, அந்தப் பக்கத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மறுநாள் அழகனின் லயத்து வீட்டுக் கதவில் தாரால் ‘துரோகி’ என்று எழுதியிருந்ததாம். அவன் மனைவி இறந்தபோது தூக்க ஆள் வரவில்லை. தகப்பனும் மகளும் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வருத்தமானதுதான். ஆனால் வாசகர்கள் செய்வதற்கெல்லாம் பதிப்பாசிரியர் பொறுப்பாக முடியாது.

போன மாசியில் அழகனும் மகள் பிரேமினியும் வந்தார்கள். நோட்டன் பிரிட்ஜ் என்ற ஊரில், வீரய்யாவின் உறவுக்காரர் வீட்டுப் பெட்டியிலிருந்து மூலக் கொப்பியையே அவள் தேடிப்பிடித்திருந்தாள். பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். வரி முழுதாக இருந்தது.

‘மடுவத்தில் இருந்தவரைக் காட்டிக்கொடுத்தது அவரின் நாய்தான். தேடிப்போய் வாசலில் படுத்துக்கொண்டது. அழகனை முன்பல் உடைய அடித்தும் அவன் வாய் திறக்கவில்லை.’

பழைய கடிதங்களில் நான் பார்த்திருந்த வீரய்யாவின் கையெழுத்தேதான். எனக்குச் சந்தேகம் வரவில்லை.

“நாய்க்கு என்னங்கய்யா தெரியும்? எசமான தேடிப் போயிருக்கு,” என்றான் அழகன். சிரித்தபோது முன்பல் இல்லாதது தெரிந்தது. இருபது வருடமாக அவன் அந்தப் பல்லின் கதையை எல்லோரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

“அப்பாவுக்கு எழுபத்தொம்பது ஆயிருச்சுங்க சார்,” என்றாள் பிரேமினி. “அவரு இருக்கையிலயே மாத்திப் போட்டுருங்க. அந்த நினைவு நாள்ல ஒரு தடவ வாசிச்சா போதும்.”

“கொப்பி இங்க இருக்கட்டும்மா. மையையும் தாளையும் சோதிச்சுப் பாக்கணும்,” என்றேன்.

அழகன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவர்கள் படியிறங்கியதும் அந்த ஒரு தாளை மட்டும் தையலிலிருந்து பிரித்தெடுத்து அடுப்பில் வைத்தேன். மற்றத் தாள்களுக்கு ஒரு சேதமும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை வந்தவள் கொப்பியை இரண்டு முறை புரட்டினாள்.

“சார், அந்தத் தாளு எங்கங்க?”

“வந்தப்பவே இல்லையேம்மா.”

அவள் கொப்பியை மூடிவைத்தாள். கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தாளாம். அதைப் பத்திரிகைக்கு அனுப்பினாள். கையெழுத்தைப் பார்த்து எழுதிய போலி அது என்று நான் பதில் எழுதினேன். தகப்பனுக்காக ஒரு மகள் எதையும் செய்வாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். நாற்பது வருட உழைப்புக்கு ஒரு மரியாதை இருக்கிறது, என்னைத்தான் நம்பினார்கள். அவள் நடத்திய பாலர் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புவதைத் தோட்டத்தில் நிறுத்திவிட்டார்கள்.

பங்குனியில் அழகன் இறந்தான். சாப்பிடுவதை நிறுத்திவிட்டானாம். நானும் போயிருந்தேன். பெட்டியைத் தூக்க ஒரு கை குறைந்தது. பிரேமினி என்னை ஒரு முறை பார்த்தாள். எனக்கு முதுகுவலி, பாரம் தூக்கக் கூடாது.

எழுதிக்கொள்ளுங்கள். தாளை எரித்தது நான்தான். என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன். ஆனால் பதிப்பு வேறு. அதற்குச் சான்று வேண்டும். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போய்விட்டது. இன்று அந்த வரி மிஞ்சியிருக்கிற ஒரே பிரதியின்படி, முத்துலிங்கத்தைக் காட்டிக்கொடுத்தது அழகன்தான்.