மாப்பிள்ளைக்காக ஒரு வேண்டுதல்

விராலிமலை அப்படியொன்றும் பெரிய மலை இல்லை, ஐயா. கிழவிகள்கூட மயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஏறிவிடுவார்கள்.

என் மகள் செவந்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. கால் வீங்கியிருந்தது. ஊருணியிலிருந்து குடம் தூக்கி வரும்போது வழியில் உட்கார்ந்துவிடுவாள். அது வேலைக்கு அஞ்சிய நடிப்பு என்று ஊர் கேட்கச் சொன்னார் என் மாப்பிள்ளை நல்லதம்பி. ஒருநாள் ஊருணிக் கரையிலேயே அவள் மூச்சு நின்றது. வயிற்றில் இருந்ததும் போயிற்று. எழவு வீட்டில் நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையை மரியாதை குறைத்துப் பேசுவது எங்கள் வழக்கமில்லை.

ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம் அவர் காய்ச்சலில் படுத்தார். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். அவர் பிழைக்க வேண்டும் என்று அன்று என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. வாசலில் சூடம் கொளுத்தி, எல்லோர் காதிலும் விழும்படி வேண்டிக்கொண்டேன்.

"முருகா, மாப்பிள்ளை பிழைச்சா காவடி எடுத்து, எங்கயும் நிக்காம ஒன் படி ஏறுவாரு."

அவர் தாய் பொன்னுத்தாய் என் காலில் விழுந்தாள்.

பிழைத்தார். இளைப்பு மட்டும் போகவில்லை. வாசலைத் தாண்டுவதற்குள் தோள் இரண்டும் ஏறி இறங்கும். வேண்டுதலை மாற்றிக்கொள்ள முடியாதா என்று ஆள் விட்டுக் கேட்டார். சாமி காரியம் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. நேர்ந்ததைச் செய்யாவிட்டால் மகனைச் சாமி எடுத்துக்கொள்ளும் என்று பயந்து, பொன்னுத்தாயே அவரைக் கிளப்பினாள்.

தைப்பூசத்தன்று நான் அவருக்குப் பின்னால் ஏறினேன். அவரைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்று கையசைத்தேன். பாதி வழியில் அவர் உதடு நீலம் பாரித்தது. காவடியை இறக்கப் பார்த்தார்.

"நிக்கக் கூடாதுங்க மாப்பிள்ளை. நடந்தா சரியாயிரும்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதத்தான... செவந்திகிட்டயும் சொன்னீங்க மாமா. ஒங்க வீட்டுக்கு வந்தவள... திருப்பி அனுப்புனப்ப."

பிறகு ஏறினார். மண்டபத்துக்கு முன்னால் விழுந்தார். காவடி தரையில் படாமல் நான் தாங்கிக்கொண்டேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம். மூச்சு முட்டுகிறவர்களுக்கு நினைவு குழம்பிவிடும்.